கரியைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு

“கரி பூசுறதுல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு? புதுசா ஒரு பொருளைக் கொண்டு வா, பேசலாம்.”

முனைவர் பட்ட மாணவி ஒருத்தியின் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னது இது. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் தூளின் மேல் கரிப்படலம் படியவைக்கும் வேலையில் அந்தப் பெண் மூன்று ஆண்டுகளைச் செலவிட்டிருந்தாள். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நானும் அன்று வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

அந்தப் பேராசிரியரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள், மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகும் வீட்டார் என்று எல்லாருடைய மனத்திலும் ஊறிய எண்ணம் இது. பேட்டரியில் முன்னேற்றம் என்றால் புதிய பொருள் ஒன்று கிடைக்க வேண்டும். இருக்கிற பொருளின் மேல் எதையாவது தடவுவது சில்லறை வேலை. “ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்றும் அதிசயப் பொருள் கண்டுபிடிப்பு” என்ற தலைப்பு மாதம் ஒரு முறையாவது கண்ணில் படுகிறது. “பூச்சின் எடையில் அரை சதவீதம் குறைந்தது” என்ற தலைப்பை நான் பார்த்ததே இல்லை. போதாததற்கு, கரி பூசுவது என்றாலே நம் மொழியில் அவமானம்.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். ஒரு கேத்தோடு, அதாவது பேட்டரியின் நேர்முனைப் பொருள், எத்தனை வோல்ட் தரும், எவ்வளவு லித்தியத்தைத் தாங்கும் என்பதை அதன் படிக அமைப்பு தீர்மானித்துவிடுகிறது. கரிப்பூச்சால் அந்த எல்லைக்கு மேல் ஒரு மில்லி ஆம்பியர்-மணியைக்கூடக் கூட்ட முடியாது. இருப்பதை வெளியே எடுக்க உதவுவதோடு அதன் வேலை முடிந்தது. தூளில் கொஞ்சம் சர்க்கரையைக் கலந்து சுட்டால் ஆகிவிடும் காரியத்துக்கு எதற்கு முனைவர் பட்டம்?

இதில் முதல் பாதி முழு உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. “இருப்பதை வெளியே எடுப்பது” ஏதோ எச்சமிச்ச வேலை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் கதையை ஒரு முறை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும்.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாகக் காட்டியது. 1991இல் சோனி அதை வைத்து லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கோபால்ட் விலை கூடியது. சூடேறினால் அந்த ஆக்சைடு ஆக்சிஜனை உதிர்க்கும். தீப்பிடிக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. எங்கும் கிடைக்கும் மலிவான இரும்பை வைத்துச் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு முதல் நல்ல துப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். தென் தமிழகத்தின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் பட்டம் பெற்று, சென்னை ஐஐடியில் முனைவரான ஆறுமுகம் மந்திரம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃபோடு சேர்ந்து 1987, 1989 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், சல்ஃபேட் போன்ற தொகுதிகளுக்குள் இரும்பை வைத்தால் அதன் மின்னழுத்தம் நன்றாக உயர்கிறது என்று காட்டின. இரும்பு சல்ஃபேட் 3.6 வோல்ட் தந்தது. 2019இல் குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே.

அந்தப் பாதையில் 1997இல் வந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அக்ஷய பாடி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் ஆகியோரின் கட்டுரை அது. மின்னழுத்தம் ஏறக்குறைய 3.5 வோல்ட். கணக்குப்படி கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்க வேண்டும். மலிவு, நஞ்சில்லை, பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டிலும் ஆக்சிஜன் எளிதில் கழன்று வராது. நாம் கேட்கும் “புதிய பொருள்” இதுதான். இதைவிட நல்ல பொருளை யாரும் கேட்டுவிட முடியாது.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே கிடைத்த முடிவு என்ன? மிகச் சிறிய மின்னோட்டத்தில், மெள்ள மெள்ள சார்ஜ் ஏற்றியும், உள்ளேயிருந்த லித்தியத்தில் 60 சதவீதம் போலத்தான் வெளியே வந்தது. மின்னோட்டத்தைக் கூட்டினால் அதுவும் குறைந்தது. குறைந்த மின்திறன் போதும் என்கிற பயன்பாடுகளுக்கு மிகவும் ஏற்றது என்று கட்டுரையாளர்களே எழுதினார்கள். அதாவது, காரை நகர்த்த இதனால் ஆகாது. ஒரு புதிய பொருள் பிறந்த அன்றைக்கு அதன் ஜாதகம் இப்படித்தான் இருந்தது.

ஏன் வெளியே வரவில்லை? கேத்தோடிலிருந்து ஒரு லித்தியம் அயனி வெளியேற வேண்டுமானால் கூடவே ஒரு எலக்ட்ரானும் வெளியேற வேண்டும். அயனி ஒரு பக்கம் மின்பகு திரவத்துக்குள் போகும். எலக்ட்ரான் இன்னொரு வழியாக அலுமினியத் தகட்டுக்குப் போகும். இரண்டில் ஒன்றுக்கு வழி அடைத்தாலும் மற்றதும் நின்றுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்சாரத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய ஒரு மண்பாண்டம். கோபால்ட் ஆக்சைடோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்கு, அதற்கும் கீழே. எலக்ட்ரானுக்கு வழியில்லாத அந்தத் தூளின் ஒவ்வொரு மணிக்குள்ளும் லித்தியம் சிறைப்பட்டுக் கிடந்தது.

“சாதாரணக் கரித்தூளைக் கலந்தால் போதாதா?” என்று கேட்கலாம். எல்லாக் கேத்தோடிலும் அது உண்டு. ஆனால் கலந்த கரித்தூள் ஒரு மணியை ஒன்றிரண்டு புள்ளிகளில்தான் தொடும். கரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளிக்கு அருகே வேலை நடக்கும். மற்ற பக்கமெல்லாம் சும்மா கிடக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயத்துண்டு ஒன்றைப் போட்டுவைத்துப் புளிக்குழம்பு கொதிக்கவிட்டால் களிம்பு ஏறாமல் இருக்குமா? ஈயம் உள்சுவர் முழுக்கப் பூசியிருக்க வேண்டும். கலப்பதற்கும் பூசுவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு.

1999இல் ஹொனலுலுவில் நடந்த மின்வேதியியலாளர் மாநாட்டில் நத்தலி ராவே, மிஷேல் அர்மான் முதலிய மான்ட்ரியால் குழுவினர் இந்தப் பூச்சை முன்வைத்தார்கள். சர்க்கரை போன்ற கரிமப் பொருளை மணிகளின் மேல் படியவைத்து, காற்றில்லாத உலையில் சுட்டார்கள். தண்ணீர் ஆவியாகப் போய், கார்பன் மட்டும் தோலாக ஒட்டிக்கொண்டது. எடையில் ஒரு சதவீதம் போன்ற கரி. 80 டிகிரி சூட்டில் பாலிமர் மின்பகுளியோடு வைத்துப் பார்த்தபோது, 1997இல் வெளியே வர மறுத்த லித்தியத்தின் பெரும்பகுதி வந்தது. 2001இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் லிண்டா நசார் குழு அறை வெப்பத்திலேயே, இரண்டு மணி நேரத்தில் சார்ஜை இறக்கும் வேகத்தில், கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் 90 சதவீதத்தை எடுத்துக் காட்டியது. அதே 2001இல் ராவே குழு இன்னொன்றையும் செய்தது. மண்ணிலிருந்து வெட்டியெடுத்த டிரிஃபிலைட் என்ற இயற்கைக் கனிமத்தையே அரைத்து, கரிப்பூச்சுக் கொடுத்து, அதிலும் மின்வேதி இயக்கத்தைக் காட்டியது. பூமிக்குள் எத்தனையோ கோடி ஆண்டுகளாகக் கிடந்த கல் அது. அதைப் பேட்டரிப் பொருளாக்கியது கரி.

1997க்கும் 2001க்கும் இடையில் படிகம் மாறவில்லை, வாய்பாடு மாறவில்லை. புதிதாக வந்ததில் முக்கியமானது இந்தத் தோல்தான்.

இப்போது “சர்க்கரையைக் கலந்து சுட்டால் ஆகிவிடும்” என்ற பேச்சுக்கு வருகிறேன். நானே சுட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மாணவனாக இருந்தபோது முதல் முறை செய்த தூள் இன்றும் கண் முன்னால் நிற்கிறது. கல்வத்தில் மணிக்கணக்கில் அரைத்து, அலுமினாப் படகில் பரப்பி, குவார்ட்ஸ் குழாய்க்குள் தள்ளி, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, 700 டிகிரிக்கு உலையை ஏற்றினேன். இரவு முழுக்கக் குழாயின் மறுமுனையில் தண்ணீர்க் குடுவைக்குள் குமிழி வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். விடியற்காலையில் குமிழி நின்றிருந்தது. எங்கோ ரப்பர் வளையம் தளர்ந்து காற்று உள்ளே போயிருக்கிறது. படகை வெளியே இழுத்தபோது தூள் செங்கல் நிறத்தில் இருந்தது. உள்ளேயிருந்த இரும்பெல்லாம் துருவின் நிலைக்குப் போய்விட்டது. கரியும் எரிந்து போயிருந்தது. இரண்டாம் முறை வளையத்தை மாற்றி, இணைப்புகளையெல்லாம் சரிபார்த்துச் சுட்டேன். படகில் கறுப்பாக, மிருதுவாக, விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாத தூள் இருந்தது. அதைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது.

செங்கல் நிறம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: உலைக்குள் கரியின் வேலை மின்சாரம் கடத்துவது மட்டும் இல்லை. வாயுவில் மிச்சம் மீதியாக இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றுவது ஒன்று. அதைவிடப் பெரிது, மணிகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமல் நடுவே நின்று தடுப்பது. மூன்றாவது, இன்றைய தொழிற்சாலைகளின் உயிர்நாடி. மலிவான இரும்பு மூலப்பொருள்களில் இரும்பு +3 மின்னூட்ட நிலையில் இருக்கும்; நமக்கு வேண்டியது +2. அந்த ஒரு படியை இறக்கித் தருவது கரிதான். இரும்பு பாஸ்பேட், லித்தியம் கார்பனேட், குளுக்கோஸ் போன்ற ஏதோ ஒரு சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துச் சுடும் முறையில், பொருள் உருவாவதும் பூச்சு ஏறுவதும் ஒரே உலையில், ஒரே சூட்டில் நடக்கின்றன. பொருளைச் செய்து முடித்தபின் மேலே தடவுவது என்ற படமே தவறு. இந்த வகையில் “பூச்சு” என்ற சொல் நம்மை ஏமாற்றிவிட்டது என்றே நினைக்கிறேன்.

சூட்டின் கணக்கும் எளிதில்லை. குறைவாகச் சுட்டால் கரி சரியாகக் கடத்தாது. மிகையாகச் சுட்டால் மணி பெருக்கும். இரும்பு பாஸ்பைடு என்ற வேண்டாத பொருள் பிறக்கும். 2003இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மார்கா டோஃபும் சக ஆய்வாளர்களும் காட்டியது என்னவென்றால், எவ்வளவு கரி என்பதைவிட எப்படிப்பட்ட கரி என்பது முக்கியம். கிராஃபைட் போல ஒழுங்காக அடுக்கிய கரி நன்றாகக் கடத்துகிறது. அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கும் கரி அப்படிக் கடத்துவதில்லை. அதற்காகக் குறையே இல்லாத கிராஃபைட் தாளை மணியின் மேல் போர்த்திவிடவும் முடியாது. லித்தியம் அந்தத் தாளைக் குறுக்கே துளைத்துப் போகாது. எலக்ட்ரான் ஓடும் அளவுக்கு ஒழுங்கு வேண்டும், அயனி நுழையும் அளவுக்கு விரிசலும் வேண்டும். இரண்டையும் ஒரு சில நானோமீட்டர் தோலில் நிறுத்த வேண்டும். இதைக் கைவேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து வருகிறவர்கள் இன்னும் கூர்மையானவர்கள். “சாதித்தது கரி இல்லை, படிகத்துக்குள் வேறு உலோகத்தைச் சேர்த்ததும் மணியை நானோ அளவுக்குச் சிறுக்கவைத்ததும்தான்” என்பார்கள். 2002இல் எம்ஐடியின் யெட்-மிங் சியாங் குழு, நையோபியம் போன்ற உலோகங்களைச் சிறிதளவு சேர்த்ததால் கடத்துதிறன் பத்துக் கோடி மடங்கு உயர்ந்தது என்று எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே ராவேயும் அர்மானும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்: நீங்கள் பயன்படுத்திய மூலப்பொருள்களிலேயே கரிமம் இருக்கிறது, அது கரியாக மணிகளின் மேல் படிந்திருக்கிறது, கடத்துவது அது. 2004இல் நசார் குழு நுண்ணோக்கியால் பார்த்து, மணிகளின் எல்லைகளில் இரும்பு பாஸ்பைடும் கரியும் சேர்ந்த வலைப்பின்னல் ஒன்று மின்சாரத்தைக் கடத்துகிறது என்றது. சியாங் தரப்பு உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அவர் சக நிறுவனராக இருந்த ஏ123 நிறுவனம் நல்ல பேட்டரிகளைச் செய்தது என்பதும் உண்மை. என் தீர்ப்பு: படிகத்தின் உள்ளே தேடிய பதில் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில் இருந்தது.

நானோ மணிகளைப் பற்றிச் சொல்வதில் நியாயம் அதிகம். அதை மறைக்க மாட்டேன். இந்தப் படிகத்துக்குள் லித்தியம் கண்ட திசையில் ஓடாது. ஒரே திசையில், குழாய் போன்ற நெடும்பாதையில்தான் போகும். பிரிட்டனின் சைஃபுல் இஸ்லாம் குழு 2005இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னது. ஜப்பானின் அட்சுவோ யமாடா குழு 2008இல் நியூட்ரான் கதிரை வைத்துப் படமாகவே காட்டியது. குழாயின் நடுவே ஓர் இரும்பணு இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். மணி பெரிதாக இருந்தால் அப்படிப்பட்ட அடைப்புகள் ஒரே குழாயில் இரண்டு மூன்று இருக்கும். நடுவில் சிக்கிய லித்தியத்துக்கு விமோசனமில்லை. கரிப்பூச்சால் இந்த அடைப்பை நீக்க முடியாது. 1997இல் கிடைத்த குறைவான முடிவுக்கு லித்தியத்தின் மெதுவான நகர்வே காரணம் என்று குடினஃப் குழு சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த மணியைச் சிறிதாகவே நிறுத்திவைப்பது எது? 700 டிகிரியில் பக்கத்து மணியோடு ஒட்டிவிடாமல் காப்பது எது? நானோவையும் கரியையும் எதிரெதிரே நிறுத்திப் பந்தயம் வைக்கிறவர்கள், தொழிற்சாலையில் அவை இரண்டும் ஒரே செயல் என்பதை மறக்கிறார்கள்.

சரி, எடைக்கு வருவோம். என் தரப்பில் இருப்பவர்களை நானே கண்டிக்க வேண்டிய இடம் இது. கரி லித்தியத்தைத் தாங்காது. கேத்தோடில் அது சும்மா உட்கார்ந்திருக்கும் எடை. அதைவிடக் கொடியது இடம். ஒரு மூட்டை அரிசியையும் ஒரு மூட்டை பொரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கு ஒன்றே; உள்ளே இருப்பது வேறு. கரி மிகுந்த தூள் பொரி மாதிரி. 2002இல் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜாவோஹுய் சென்னும் ஜெஃப் டானும் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள்: கரியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பெரிய எண்களைக் காட்டுகிறீர்கள், ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் கிடைக்கும் ஆற்றல் சரிந்துவிடுகிறது, கரியைக் குறையுங்கள். வாட்டர்லூவின் அந்த அழகான 90 சதவீதத்துக்குப் பின்னாலும் 15 சதவீதம் கரி இருந்தது.

கணக்கு எளிது. 200 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை மணிக்கு ஒரு நானோமீட்டர் கரித்தோல் போட்டால், கரியின் எடை மணியின் எடையில் ஏறக்குறைய 1.7 சதவீதம். அதே தோலை 50 நானோமீட்டர் மணிக்குப் போட்டால் 7 சதவீதத்தைத் தொடும். மணியைச் சிறுக்கவைத்தால் லித்தியத்துக்கு நல்லது. ஆனால் பூச வேண்டிய பரப்புக் கூடுகிறது, கரி கூடுகிறது, அடர்த்தி விழுகிறது. படியைத் தட்டித் தட்டி நெல் அளக்கும் கைக்குத் தெரியும், பெரியதும் சிறியதும் கலந்திருந்தால்தான் இடைவெளி நிரம்பும் என்று. தூள் செய்கிறவர்களும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்: இரண்டு மூன்று அளவு மணிகள், ஒன்றிரண்டு சதவீதம் கரி, நல்ல அடர்த்தி.

இதைப் பொருட்படுத்தாமல் எழுதும் கட்டுரைகள் எத்தனை! 15 சதவீதம் கரி போட்டுவிட்டு, கரியின் எடையைக் கழித்துக்கொண்டு, “கிராமுக்கு 160” என்று எழுதினால் உண்மையான எண் 136. 2009இல் எம்ஐடியின் பியோங்வூ காங்கும் ஜெர்ப்ராண்ட் சீடரும் 10 முதல் 20 வினாடிக்குள் முழு சார்ஜையும் இறக்கலாம் என்று அறிவித்தபோது செய்தித்தாள்கள் கொண்டாடின. மிக உச்ச வேகச் சோதனைகளில் அந்த மின்முனையின் எடையில் 65 சதவீதம் கரி என்பதைக் கொண்டாடியவர்கள் படிக்கவில்லை. அது சோதனைக்கூடத்தில் பொருளின் எல்லையை அறிய உதவும். வண்டியில் வைக்க உதவாது. ஜாகிப், குடினஃப் உள்ளிட்டோர் அதே ஆண்டு கடுமையாக மறுத்து எழுதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் யாருக்கு எதிரான சாட்சி? கரியை “எளிய வேலை” என்று நினைத்து அள்ளிப் போட்டவர்களுக்கு எதிரான சாட்சி. இருபது சதவீதம் கரி போட்டு வேலை செய்யவைப்பது யாருக்கும் ஆகும். ஒன்றரை சதவீதத்தில் ஒவ்வொரு மணியின் மேலும் ஓட்டையில்லாமல் படியவைத்து, அதையும் டன் கணக்கில், இன்று செய்தது போலவே நாளையும் செய்வதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது. அந்தப் பெண் மூன்று ஆண்டுகளாக நான்கு சதவீதத்திலிருந்து இரண்டுக்கு இறங்கப் போராடிக்கொண்டிருந்தாள். அதைத்தான் “என்னம்மா ஆராய்ச்சி இருக்கு” என்று கேட்டார்கள்.

எல்லாக் கேத்தோடுக்கும் கரி மருந்து என்றும் நான் சொல்லவில்லை. நிக்கல் மிகுந்த ஆக்சைடுகளை ஆக்சிஜன் ஓட்டத்தில் சுட வேண்டும். அங்கே சர்க்கரையைக் கலந்து காற்றில்லாமல் சுட்டால் கரி அந்த ஆக்சைடின் ஆக்சிஜனையே பறித்துப் படிகத்தைக் கெடுத்துவிடும். அதற்கு அலுமினியம் ஆக்சைடு போன்ற வேறு பூச்சுகள் இருக்கின்றன. இரும்பைக் காப்பாற்றும் அதே குணம் நிக்கலைக் கெடுக்கிறது. எங்கே உதவும், எங்கே கெடுக்கும், ஏன் என்று தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் அறிவியல்.

“எப்படியும் இரும்பு பாஸ்பேட் ஏழைகளின் பேட்டரிதானே, இன்னும் நான்கு ஆண்டில் வேறு ஏதாவது வந்துவிடும்” என்று ஒரு பேச்சு இருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2020இல் சீனத்தின் பிஒய்டி நிறுவனம் இதில் நீண்ட தகடு போன்ற செல்களைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டெஸ்லா சீனத்தில் செய்த கார்களில் இந்தப் பேட்டரியை வைக்கத் தொடங்கியது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகின் மின்சார வாகனப் பேட்டரிச் சந்தையில் ஏறக்குறைய பாதி லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997இல் குறைந்த மின்திறனுக்கு ஏற்றது என்று எழுதப்பட்ட பொருள் அது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2021 மே மாதத்தில் இந்திய அரசு பேட்டரி செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. இலக்கு 50 கிகாவாட்-மணி. செல் செய்யும் எந்திரங்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். செல்லுக்குள் போடும் கறுப்புத் தூளுக்குச் சீனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாய்பாடு தெரியாததால் இந்த நிலை வந்துவிடவில்லை. வாய்பாடு 1997லிருந்து எல்லாருக்கும் தெரியும். முக்கியக் காப்புரிமைகளும் 2022ஐ ஒட்டிக் காலாவதியாகிவிட்டன. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டுக் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம்மிடம் இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அறிவு இருக்கிறது. அந்தக் கறுப்புத் தூளை டன் கணக்கில், ஒரே தரத்தில் செய்யும் கைப்பழக்கத்தை நாம் மதித்து வளர்க்கவில்லை.

அதை மதித்தவர்கள் யார் என்று பாருங்கள். 2025 ஜூலை 15 அன்று சீன வணிக அமைச்சகம், பேட்டரிக் கேத்தோடு தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் எதைப் பூட்டிவைக்கிறது? அழுத்தியபின் தூளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.58 கிராமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கிராமுக்கு 160 மில்லி ஆம்பியர்-மணியாவது கிடைக்க வேண்டும். முதல் சுற்றிலேயே ஏற்றிய சார்ஜில் 97 சதவீதமாவது திரும்ப வர வேண்டும். இந்தத் தரத்தில் தூள் செய்யும் வித்தை வெளியே போகக் கூடாது என்கிறார்கள். நாம் சில்லறை வேலை என்று ஒதுக்கியதற்கு ஒரு வல்லரசு பூட்டுப் போடுகிறது. பொரியை அரிசியாக்கத் தெரிந்த கை அது. கரியைக் குறைக்கத் தெரிந்த கை.

புதிய பொருளைத் தேட வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மந்திரமும் குடினஃபும் தேடாமல் இருந்திருந்தால் பூசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் தேடிக் கண்டதை உலகம் பயன்படுத்தும்படி செய்தவர்களை இரண்டாம் வரிசையில் உட்காரவைக்கும் வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஆய்வு மதிப்பீட்டுக் குழுக்களில் உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நானும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன். எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த முறை ஒரு மாணவி கறுப்புத் தூளோடு வந்து நின்றால், “இதில் புதுமை எங்கே?” என்று தொடங்காதீர்கள். கரி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கரியையும் சேர்த்து எடைபோட்டால் கிராமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அழுத்திய அடர்த்தி என்ன, ஒரு நேரத்தில் எத்தனை கிலோ செய்ய முடிகிறது, பத்தாவது முறை செய்த தூளும் முதல் தூளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருந்தால் எழுந்து நின்று கைகொடுங்கள். பதில் இல்லையென்றால் இன்னும் ஓராண்டும், காற்றுப் புகாத ஓர் உலையும் வாங்கிக் கொடுங்கள்.